பரம்பரையா, பழக்கமா?

“எங்கள் பரம்பரைக்கே இந்த நோய் உண்டு, நாம் என்ன செய்ய முடியும்?” என்று பெரியவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருப்போம். பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணுவை நாம் மாற்ற இயலாது என்பது உண்மைதான். ஆனால், அதையே காரணம் காட்டி விரும்பியதையெல்லாம் உண்பது சரியன்று. மரபணுக்கள் எவ்வாறு செயல்பட வேண்டும் என்பதை நம் உணவும் ஓரளவு முடிவு செய்கிறது. நம் குடலே அதற்குச் சான்று.

டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில்தான் மரபணுக்கள் அமைந்துள்ளன. அந்த இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் நூற்கண்டைப்போல் சுற்றப்பட்டுள்ளது. சுற்று இறுகியிருந்தால் அங்குள்ள மரபணு அடங்கியிருக்கும். தளர்ந்தால் செயல்படத் தொடங்கும்.

கீரை, பருப்பு, பழம் முதலியவற்றில் உள்ள நார்ச்சத்தை நம் உடலால் முழுமையாகச் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. இது குடற்சுவர் உயிரணுக்களுக்கு ஆற்றல் தருகிறது. அத்துடன், ஹிஸ்டோன் சுற்றை இறுக்கும் நொதிகளையும் தடுக்கிறது. இதனால், உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் மரபணுக்களும் அழற்சியைத் தணிக்கும் மரபணுக்களும் செயல்பட வழி பிறக்கிறது.

உணவு மாறினால் குடல் எவ்வளவு விரைவாக மாறும்? 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டனர். நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ட அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் கூடியது, அழற்சி குறைந்தது. கொழுப்பு மிகுந்த உணவுக்கு மாறிய கிராமத்தினருக்கோ நேர்மாறான விளைவு ஏற்பட்டது. இரு தரப்பினரின் மரபணுக்களும் மாறவில்லை. தட்டில் இருந்த உணவுதான் மாறியது.

இந்த உண்மை நமக்கும் பொருந்தும். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, மலேசியாவில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய் இரண்டாம் இடத்தில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வோ, பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை எனக் கூறுகிறது.

இதற்காகப் பினாங்கின் நாசி கண்டாரைக் குறை கூறுவது நியாயமாகாது. அன்று தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் தண்டேந்திச் சுமந்து விற்ற அவ்வுணவு, இன்று ஜார்ஜ் டவுனின் அடையாளமாக விளங்குகிறது. அந்தக் கடைகளில் வெண்டைக்காயும் முட்டைக்கோசும் கிடைக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, கோழிப் பொரியலையும் குழம்பையும் மட்டும் கேட்டு வாங்குவது நாம்தான். குறை உணவில் இல்லை; நம் தேர்வில்தான் இருக்கிறது.

காய்கறியின் விலை அதிகம் எனச் சிலர் கூறலாம். ஆனால், பருப்பும் கங்கோங் கீரையும் அவித்த கடலையும் கோழி இறைச்சியைவிட மலிவானவை. தட்டில் பாதியைக் காய்கறிக்கும் பழத்திற்கும் ஒதுக்கச் சொல்லும் சுகாதார அமைச்சின் ‘கால், கால், அரை’ முறையைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகள் நாள்தோறும் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து. சுவரொட்டியில் மட்டும் இருந்தால் பயனில்லை.

நல்ல உணவு எல்லா நோயையும் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி கூற முடியாது. எனினும், பரம்பரை நம் கையில் இல்லாதபோது, நம் கையில் இருக்கும் தட்டையாவது சரியாக நிரப்புவதே அறிவுடைமையாகும்.