நாரிப்பிடிப்பு ஏன் வருகிறது?

கிணற்றடியில் வாளியைத் தூக்கக் குனிந்தவர் நிமிர முடியாது நின்றுவிட்டால், வீட்டார் வாயுவின்மீது பழி போடுவர். வாயு பாவம்! முள்ளந்தண்டின் இருமருங்கிலுமுள்ள தசைகள், நோவுண்ட இடத்தை அசையவிடாது காக்கவேண்டித் தாமே இறுகிக்கொள்வதுதான் இப்பிடிப்பு. 10 லீற்றர் தண்ணீரின் பாரம் 10 கிலோ. அதை உடலோடு அணைத்துத் தூக்காமல் கையை நீட்டித் தூக்கினால், நாரித் தசைகள் பன்மடங்கு இழுவையைத் தாங்கவேண்டும். குனிந்தபடியே இடுப்பைத் திருப்பினாலோ கேடு இரட்டிக்கும். தையல் இயந்திரத்தின்முன் நெடுநேரம் கூனியிருத்தலும் இதனை வருவிக்கும். வாரமெல்லாம் நாற்காலியிலிருந்த கணவர் ஞாயிறன்று திடீரென மண்வெட்டி எடுப்பதும் அவ்வாறே.

பிடிப்புக் கண்டவரை ஒரு வாரம் பாயிற் கிடத்தும் பழைய வழக்கம் இன்று வைத்தியர்களுக்கு உடன்பாடன்று. ஓரிரு நாளுக்குமேற் படுத்திருந்தால் தசை மேலும் விறைக்கும். சூட்டு ஒத்தடமிட்டு மெல்ல நடமாடுதலே நன்று. பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். ஆயினும், கால்கள் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ இயலாதுபோனாலோ, நோவோடு காய்ச்சலும் கண்டாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டிராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.