உறை மோர்

திருப்பதியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணத்தில் சந்திரகிரி வந்துவிடும். விஜயநகர அரசின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை இந்த ஊர் வட ஆற்காட்டில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் ஊரை விட்டுப் போகாத தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. என் அத்தையின் வீடு அவற்றில் ஒன்று.

சென்ற முறை போனபோது அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயதில், புனேயில் இருக்கும் மகனோடு போய்த் தங்கப் போகிறார். அண்டா, ஆட்டுக்கல், ஊறுகாய் ஜாடி எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்தாயிற்று. அதற்கெல்லாம் கலங்காதவர் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்பட்டார். உள்ளே உறை மோர்.

"ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில்ல தாங்குமா? அங்கே இந்தத் தயிர் கிடைக்குமா?"

அவரைத் தேற்றுவதற்காக, ஒரு மொழிபெயர்ப்பு வேலையின்போது நான் படித்த பல்கேரியாக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன்.

ஸ்டாமன் கிரிகொரோவ் 1878இல் மேற்கு பல்கேரியாவில், த்ரன் பகுதியைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்குப் போனார். வெளியூர் போகும் பிள்ளைக்கு வீட்டில் கட்டிக் கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம்தானே. அவரும் ஒரு சின்ன மண்பானையில் வீட்டுத் தயிரை எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். அதைச் சாப்பிட்டதோடு நிறுத்தாமல் மைக்ராஸ்கோப்பின் அடியிலும் வைத்துப் பார்த்தார். பாலைத் தயிராக்கும், குச்சி போன்ற ஒரு பாக்டீரியாவை 1905இல் கண்டுபிடித்தார். அதற்கு அவருடைய நாட்டின் பெயரே வந்தது: பல்கேரிகஸ்.

பாரிசில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் இதைப் பிடித்துக்கொண்டார். பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்குத் தயிரே காரணம் என்று எழுதினார். அந்த வாதம் அப்படியே நிலைக்கவில்லை, தயிர் நிலைத்தது. கிரிகொரோவ் ஊருக்குத் திரும்பி த்ரன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். 1945இல் காலமானார்.

"அவங்களும் தயிர்ல சோறு பிசைவாங்களா?" என்று அத்தை கேட்டார்.

சோறு இல்லை. ஆனால் கோடையில் தரதோர் என்று ஒன்று செய்வார்கள். தயிரை நீர் விட்டுக் கரைத்து, வெள்ளரிக்காய், பூண்டு, சோயிக்கீரை, அக்ரூட் பருப்பு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சில்லென்று குடிப்பார்கள். நம் வெள்ளரிப் பச்சடியைத் தண்ணீராகக் கரைத்தது போல. அய்ரான் என்பது உப்புப் போட்ட நீர்மோர். தாளிப்பும் கறிவேப்பிலையும் கிடையாது. "பாவம்" என்றார் அத்தை.

ஒரு வித்தியாசமும் உண்டு. பல்கேரியத் தயிருக்கு நல்ல சூடு வேண்டும். சுமார் 43 டிகிரி சூட்டில் உறையூற்றுவார்கள். நம் வீட்டுத் தயிரில் பல வகைக் கிருமிகள் கூடி வேலை செய்கின்றன. சென்னை, சந்திரகிரி வெயிலுக்கு அவை பழகியவை. சமையலறை மூலையில் வைத்தாலே போதும். இது தெரியாமல் நான் ஒரு ஜனவரியில் டில்லியில் பட்ட பாட்டை அத்தையிடம் சொன்னேன்.

சந்திரகிரி உறை மோரை இதே போன்ற டப்பாவில்தான் டில்லிக்கு எடுத்துப் போயிருந்தேன். முதல் நாள் பால் பாலாகவே இருந்தது. மறுநாள் கம்பளியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தேன். அரைகுறையாக உறைந்தது. நான்காம் நாள் கசந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தார். அதை வாங்கி ஊற்றும்போது, அத்தை வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டது போல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இதை அவரிடம் மறைத்திருந்தேன்.

அத்தை சிரித்தார். "அது ஒண்ணும் எங்க வீட்டுத் தயிர் இல்லேடி. கல்யாணமாகி ஆரணியிலேருந்து நான் கொண்டு வந்தது ஒரே மாசத்துல கெட்டுப் போச்சு. எதிர் வீட்டு ரெட்டியாரம்மா 'பெருகு' கொடுத்தாங்க. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் யார் வீட்டிலேயாவது வாங்கினதுதான்."

நாற்பது வயதுக்கு மேல் எனக்குத் தெரிய வந்த குடும்ப ரகசியம் இது. நான் 'நம் வீட்டு ருசி' என்று டில்லிவரை தூக்கிக்கொண்டு போனது எதிர் வீட்டுத் தெலுங்குப் பெருகு!

பல்கேரியர்களுக்கும் இப்படி ஒரு சங்கடம் வந்தது. 1970இல் ஜப்பானில் ஒசாகா உலகக் கண்காட்சியில் பல்கேரிய அரங்கில் தயிர் கொடுத்தார்கள். மெய்ஜி என்ற ஜப்பானியக் கம்பெனிக்கு அது பிடித்துப்போய், தானும் தயாரிக்க ஆரம்பித்தது. நாட்டின் பெயரைக் கொடுக்கப் பல்கேரியர்கள் முதலில் தயங்கினார்கள். 1973இல் 'பல்கேரியா' என்ற பெயரிலேயே அது கடைக்கு வந்தது. உறை பல்கேரியாவினுடையது, பால் ஜப்பானுடையது. வேற்றூர் பாலில் உறைந்தது நம்முடையதாகுமா என்று அவர்கள் யோசித்ததில் தப்பில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை விடாமல் இருந்திருந்தால் ஜப்பானில் எத்தனை பேருக்கு பல்கேரியா என்ற பெயர் தெரிந்திருக்கும்?

ரயிலுக்குக் கட்டுச்சோறு தயாரானது. சந்திரகிரியை அடுத்த ஸ்ரீநிவாச மங்காபுரத்துப் பக்கம் ஸ்ரீவாரி மெட்டுப் படி வழியாக மலை ஏறும் உறவுக்காரர்களுக்கு எத்தனையோ தரம் கட்டிக் கொடுத்த கை அது. சோற்றைச் சூட்டோடு குழைத்துப் பாலை ஊற்றினார். ஆறியதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர். அப்போது சாப்பிட்டால் அது பால் சோறுதான். போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே தயிர் சாதம் ஆகிவிடும்; புளிக்காது.

புனே போய்ப் பத்து நாள் கழித்து அத்தை போன் செய்தார். உறை மோர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். டப்பா ரயிலில் கவிழ்ந்துவிட்டதாம். கீழ் வீட்டு மராத்தி அம்மாளிடம் வாங்கினாராம்.

"நல்லாத்தான் உறையறது. கொஞ்சம் புளிப்பு ஜாஸ்தி" என்றவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்குத் தயிர் சாதம் கொடுத்தேன். எப்படிச் செய்யறதுன்னு கேட்டாங்க" என்றார்.