‘வேறு வழியில்லை’ என்பது தீர்ப்பாகாது

ஸ்ட்ராத்தோம் என்றொரு நகரம். நஞ்சூட்டிய தானியம் அங்கே வந்திறங்கி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைத் தின்றவர்கள் செத்து, நடைபிணங்களாக எழுந்து, பகைவனின் படையில் சேர்ந்துவிடுவார்கள். மாற்று மருந்து கிடையாது. லோர்டரான் நாட்டு இளவரசன் ஆர்தஸ் நகர வாசலில் படையோடு நிற்கிறான். மக்கள் உருமாறும் முன்பே அத்தனை பேரையும் கொன்றுவிடக் கட்டளையிடுகிறான். பிளிஸார்ட் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ என்னும் வியூக விளையாட்டில் வரும் கட்டம் இது. அந்தக் கட்டளையை நிறைவேற்றும் கை, ஆடுபவருடைய கை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆர்தஸ் செய்தது சரிதான் என்று வாதாடுவோர் இருக்கிறார்கள். வேறு வழியில்லை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். உலகத்தில் உண்மையான ஊர்கள் எரிக்கப்படும்போதும் எரித்தவர்கள் சொல்வது இதையேதான். ஒரு கற்பனை நகரத்தின் வழக்கை இங்கே விசாரணைக்கு எடுப்பதற்கு அதுவே காரணம். நம் முடிவைத் தயங்காமல் சொல்லிவிடுகிறோம்: ஆர்தஸ் குற்றவாளி.

அவன் தரப்பு வாதம் லேசானதல்ல. ஸ்ட்ராத்தோமுக்கு வரும் முன்பே, ஹார்த்கிளென் என்ற ஊரில், அந்தத் தானியத்தைத் தின்ற மக்கள் தன் கண்ணெதிரே நடைபிணங்களானதை அவன் பார்த்துவிட்டான். மால்கானிஸ் என்ற அரக்கன் நகருக்குள் புகுந்து அந்த மக்களைத் தன் படையாக்கத் தொடங்குகிறான். தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் பகைவனின் பலத்தைக் கூட்டும்; அடுத்த ஊரும் அதற்கடுத்த ஊரும் அழியும். இந்த அபாயம் பொய்யில்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகும் ஆர்தஸ்மீது மூன்று குற்றச்சாட்டுகள் நிற்கின்றன.

முதலாவது, யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை. வந்திறங்கிய தானியம் எல்லா வயிற்றுக்குள்ளும் போயிருக்கும் என்பதற்கு என்ன உறுதி? சந்தேகத்துக்கு அவன் மரண தண்டனை விதித்தான். இரண்டாவது, மக்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. சாவு உறுதி என்றே வைத்துக்கொள்வோம். தன் சாவைத் தெரிந்துகொள்ளவும், அதை எப்படிச் சந்திப்பது என்று முடிவுசெய்யவும், பிள்ளைகளிடம் விடைபெறவும் ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையையும் சேர்த்தே அவன் பறித்தான். மூன்றாவது, மறுத்துப் பேசியவரைத் துரோகி என்றான். தன்னை வளர்த்தெடுத்த மூத்த வீரர் ஊதர் முடியாது என்றதும், அவரைப் பொறுப்பிலிருந்தே நீக்கினான். கேள்வி கேட்பவரை அகற்றிய பிறகுதான் கொடுமைகள் தடையின்றி நடக்கும் என்பதைப் போர்களின் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

ஊதரையும், அவரோடு விலகிப் போன ஆர்தஸின் தோழி ஜெய்னாவையும் முழுக்க விடுவிக்கவும் முடியாது. அவர்கள் கைகளில் ரத்தம் படவில்லை. ஆனால் நகரம் அழிந்தது. கூடாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது பாதிக் கடமைதான். குறுக்கே நிற்பது மீதிக் கடமை.

வார்கிராஃப்ட் 3-இன் கதை இந்தக் குற்றத்தை மூடி மறைக்கவில்லை. அரக்கனைத் துரத்தி நார்த்ரெண்ட் என்ற பனி நாட்டுக்குப் போகும் ஆர்தஸ், படையைத் திரும்ப அழைக்கும் ஆணை வந்ததும் கூலிப்படையை வைத்துத் தன் கப்பல்களையே எரிக்கிறான். பிறகு பழியை அந்தக் கூலிகள்மீது போட்டு, தன் வீரர்களை ஏவி அவர்களைக் கொல்கிறான். சபிக்கப்பட்ட வாள் ஒன்றை எடுத்துத் தன் ஆன்மாவை இழக்கிறான். ஊர் திரும்பிப் பெற்ற தகப்பனைக் கொல்கிறான். வேறு வழியில்லை என்று ஒருமுறை சொல்லிப் பழகிய வாய்க்கு அடுத்த முறை அது எளிதாக வந்துவிடுகிறது. இதைச் சொல்லத் துணிந்த கதையாசிரியர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் கதை ஒரு பக்கம் தண்டிக்க, ஆட்டத்தின் கணக்கு மறுபக்கம் பரிசளிக்கிறது. ஸ்ட்ராத்தோம் கட்டத்தில் திரையில் இரண்டு எண்ணிக்கைகள் ஓடும். மால்கானிஸ் 100 பேரைத் தனதாக்கும் முன் ஆர்தஸ் 100 பேரைக் கொன்றாக வேண்டும். ஊதரோடு நிற்க விரும்பும் ஆட்டக்காரருக்கு ஒரு பொத்தானும் இல்லை. 2008-இல் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ இதே சம்பவத்துக்குத் திரும்பியது. காலத்தில் பின்னோக்கிப் போகும் ஆட்டக்காரர்கள், வரலாறு மாறிவிடக் கூடாது என்பதற்காக ஆர்தஸுக்குத் துணை நிற்க வேண்டும். கடின நிலையில், 25 நிமிடக் கெடுவுக்குள் குறிப்பிட்ட ஓர் எதிரியை வீழ்த்துவோருக்கு ஏறிப் பறக்க ஒரு வெண்கல டிராகன் கிடைக்கும். ஒரு நகரத்தின் படுகொலை கடிகாரம் வைத்து ஓடும் பந்தயமாகிப் போனது.

2018-இல் அதே விளையாட்டின் கதையில் சில்வானஸ் என்ற தலைவி, பொதுமக்கள் வாழ்ந்த மாபெரும் உலக மரத்தை எரிக்க ஆணையிட்டாள். அவள் அணியில் இருந்த ஆட்டக்காரர்கள் பலர், அந்தக் கொடுமைக்கு இட்டுச்சென்ற போரில் தங்களுக்குத் தேர்வே தரப்படவில்லை என்று கொதித்தார்கள். அந்தக் கோபம் ஆரோக்கியமானது. தன் பெயரால் நடக்கும் அநியாயத்தைப் பார்த்துக் கொதிக்கும் மனம் விளையாட்டிலும் விழித்திருக்கிறது.

கதையைவிடக் கணக்கே முன்னிற்கும் ஆட்டங்களின் நிலை இன்னும் மோசம். 1999-இல் வந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ இன்றும் உலகெங்கும் விரும்பி ஆடப்படுகிறது. அதில் பிணங்களை எழுப்பும் வித்தை கற்ற தலைவன், ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் மாண்டவர்களில் ஒரு பங்கைத் தன் எலும்புக்கூட்டுப் படையாக்குகிறான். கற்ற அளவைப் பொறுத்து அந்தப் பங்கு 10, 20, 30 விழுக்காடு. அவனுடைய நகரில், தன்னை நம்பி வந்த உயிருள்ள வீரர்களையே எலும்புக்கூடுகளாக்கும் கட்டடம் ஒன்றும் உண்டு. கொல்லக் கொல்லப் படை பெருகும். அங்கே யாரும் அழுவதில்லை, யாரும் மறுப்பதில்லை. லாபம் மட்டும் கூடுகிறது.

பகை நாட்டைப் பாழாக்கியதைப் புகழாகக் கணக்கிடும் வழக்கம் கணினியோடு பிறந்ததல்ல. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி போருக்கு முன் பெண்களையும் பிணியாளரையும் பாதுகாப்பான இடம் தேடிப் போகச் சொன்ன அறத்தைப் புறநானூற்றில் நெட்டிமையார் பாடுகிறார். அதே புலவர், அதே மன்னன், பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் பாடுகிறார். போரில் ஒரு வரம்பு வேண்டும் என்ற அறிவும், அந்த வரம்பை மீறியதைக் கொண்டாடும் ஆசையும் ஒரே நாவில் குடியிருக்க முடியும். அதனால்தான் உலகம் வரம்பைச் சட்டமாகவே எழுதிவைத்தது. சரணடைந்தவருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்று அறிவிப்பதை 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் தடுக்கின்றன. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கையாள்வதை 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு இணைந்த நெறிமுறை தடுக்கிறது.

மாயக்கற்பனை உலகங்கள் இந்த வரம்பிலிருந்து நழுவ ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன: எதிரி மனிதனே அல்ல, பிறப்பிலேயே தீயவன் என்பது. வரலாற்றின் மிகக் கொடிய படுகொலைகளும் இந்தப் பொய்யிலிருந்தே தொடங்கின. வார்கிராஃப்டின் முதல் ஆட்டத்தில், 1994-இல், ஓர்க்குகள் என்ற இனத்தார் வெறும் படையெடுப்பாளர்கள். 2002-இல் அதே இனம், அரக்க ரத்தத்தின் அடிமைத்தளையை அறுத்துப் புது வாழ்வு தேடும் மக்களாக வந்து நின்றது. எதிரிக்கு முகம் கொடுத்தபோது கதை உயர்ந்ததே தவிர, ஆட்டத்தின் சுவை குன்றவில்லை.

ஆடுபவர்கள் கொலைகாரர்களாகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. திரையில் ஊரை எரித்த இளைஞனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. தீயவன் வேடம் போட்டுப் பார்ப்பது கலை தரும் சுதந்திரம். அதைத் தடைசெய்யக் கோருவது மடமை. நம் கவலை அவன் மனதில் தங்கிப்போகும் வாதத்தைப் பற்றியது. ஆட்டத்துக்குள் ‘வேறு வழியில்லை’ என்பது உண்மை, ஏனென்றால் மற்ற வழிகளையெல்லாம் வடிவமைத்தவர் அடைத்துவிட்டார். உயிருள்ள உலகத்தில் எந்தத் தளபதிக்கும் அந்த உறுதி கிடைப்பதில்லை. அங்கே அந்தச் சொற்களைச் சொல்பவர் பெரும்பாலும் வழிகளைத் தேடாதவர், அல்லது தாமே அடைத்தவர்.

வடிவமைப்பாளர்கள் செய்யக்கூடியது நிறைய. சரணடைபவரை ஏற்கும் வழியைத் திறந்துவைக்கலாம். கட்டளையை மறுக்கும் வழி தரலாம். அதற்கு விலையும் வைக்கலாம். எரித்த ஊர் அடுத்த பத்துக் கட்டங்களிலும் எதிரொலிக்கும்படி செய்யலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவோடு சேர்ந்து ‘ஆர்மா 3’ என்ற ராணுவ விளையாட்டு 2017-இல் போர்ச் சட்டங்களையே ஆட்டத்தின் பொருளாக்கியது. துப்பாக்கி ஆட்டத்துக்கு முடிந்தது வாள் ஆட்டத்துக்கும் முடியும்.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். கொடுமையைக் காட்டும் விளையாட்டு குற்றமற்றது. கொடுமைக்குக் கூலி கொடுத்துவிட்டு, அதன் விலையை மறைக்கும் விளையாட்டு குற்றமுடையது. ஆட்டக்காரர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: திரை ‘வேறு வழியில்லை’ என்று சொல்லும்போது, மற்ற வழிகளை அடைத்தது யார் என்று கேளுங்கள். நாளை ஓர் அரசு அதையே சொல்லும்போதும் அதே கேள்வியை விடாமல் கேளுங்கள்.