கல்லாப்பெட்டிப் பணம் காகிதம் ஆனது!

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ராயகிரி என்று ஓர் ஊர். மேற்கு மலை அடிவாரத்துச் சின்னப் பேரூராட்சி. அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, ராத்திரி கல்லாவை எண்ணிவிட்டுக் கடையை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் ஒருவன் வந்து, "இந்தக் கடை இனிமேல் உம்முடையது இல்லை. நேற்று எண்ணின நோட்டும் செல்லாது" என்று சொன்னால்?

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? "எவம்லே சொன்னது?" என்று கேட்பார். வியாபாரிகள் சங்கத்துக்கு ஓடுவார். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பார். வக்கீலைப் பார்ப்பார். பத்திரிகைக்காரனைக் கூப்பிடுவார். பலன் கிடைக்கிறதோ இல்லையோ, கேட்பதற்கு நாலு வாசல் உண்டு.

அந்த நாலு வாசலையும் அடைத்துவிட்ட ஒரு நாட்டில் நம்ம ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த நாடு பர்மா. இன்றைக்கு மியான்மர் என்கிறார்கள். ரங்கூன் அரிசியும் பர்மா தேக்கும் வந்த அதே சீமைதான்.

1962 மார்ச் 2-ந் தேதி தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். சில மாதங்களில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். ஜூலை 7-ந் தேதி ராணுவம் சுட்டது. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டிடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அதன் பிறகு நாட்டின் கதவை இழுத்துச் சாத்தினார் நே வின். வெளிநாட்டு அறக்கட்டளைகளுக்கு வழி அனுப்பு விழா. சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு 24 மணி நேர விசா. இந்திய, சீன மொழிப் பத்திரிகைகளுக்கு 1960-களின் நடுவிலேயே மூடுவிழா. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வெளியே நடப்பது உள்ளே தெரியாது.

கடைக்கு நம்பர்!

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளில் ராணுவம் புகுந்தது. சரக்கைக் கணக்கெடுத்தார்கள். முதலாளியை வெளியே நிறுத்தினார்கள். பெயர்ப்பலகை போய், "மக்கள் கடை, நம்பர் இத்தனை" என்று பலகை தொங்கியது. தாத்தா காலத்தில் தொடங்கிய கடை, ஒரே பகலில் வெறும் நம்பர் ஆகிவிட்டது. கடை போனால் போகட்டும், கையில் நாலு காசு இருக்கிறதே என்று நினைத்தவனுக்கு மே மாதம் அடுத்த அடி. 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது!

ஊருக்குக் கப்பல் ஏறலாம் என்று துறைமுகத்துக்குப் போனால் அங்கேயும் சோதனை. நகை போயிற்று. பணம் போயிற்று. கட்டிய துணியோடு சென்னையில் வந்து இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ. பீச் ஸ்டேஷனில் ரயில் பிடிக்கிறவர்கள் தினம் பார்க்கிற பர்மா பஜார், அப்படி வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள்தான். திரும்பிப் போகலாம் என்று நடந்தே கிளம்பிய சிலர் எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரில் மோரே என்கிற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழ்க் கோயில் உண்டு.

இந்தியன் பணத்தைத்தானே பிடுங்கினான், பர்மாக்காரன் நன்றாக இருந்தான் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகளை ஒரே உத்தரவில் செல்லாது என்றார்கள். மாற்றித் தர ஏற்பாடே கிடையாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. பிறகு வந்த புது நோட்டு எது தெரியுமா? 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடும். நே வினுக்கு ராசி எண் ஒன்பது! ஒரு ஆளின் ஜோசியத்துக்கு ஒரு நாட்டின் சம்பளப்பணம் பலி.

நம் ஊரிலும் 2016-ல் 500, 1000 ரூபாய் நோட்டுக்கு வரிசையில் நின்றோம். பட்ட பாடு மறக்கவில்லை. ஆனால் வங்கியில் கட்ட முடிந்தது. பார்லிமெண்டில் திட்ட முடிந்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கும் போயிற்று. அங்கே முனகினாலே உள்ளே!

டீக்கடையில் பற்றிய தீ

1988 மார்ச் 12. ரங்கூனில் ஒரு டீக்கடை. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சிலர், ஓடிக்கொண்டிருந்த பாட்டு கேசட்டை மாற்றச் சொன்னார்கள். அங்கே குடித்திருந்த சிலர் முடியாது என்றார்கள். வாய்ச்சண்டை கைகலப்பு ஆயிற்று. மாணவன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அடித்தவனைப் போலீஸ் பிடித்தது. பிடித்த கையோடு விட்டும் விட்டது. காரணம்? அவன் உள்ளூர் அதிகாரப் புள்ளியின் மகன்.

எந்த ஊர் டீக்கடையிலும் நடக்கிற தகராறுதான். வேறு நாடாக இருந்தால் இன்ஸ்பெக்டரை மாற்றி விவகாரத்தை முடித்திருப்பார்கள். அங்கே நியாயம் கேட்டு வந்த மாணவர்கள் மேல் துப்பாக்கியைத் திருப்பினார்கள். மார்ச் 13-ந் தேதி போன் மா என்கிற மாணவன் செத்து விழுந்தான்.

மூன்று நாள் கழித்து ஊர்வலம் போன மாணவர்களை ஏரிக்கரையில் மடக்கி அடித்தார்கள். பிடிபட்டவர்களைச் சிறை வேனில் மூட்டை மாதிரி அடைத்தார்கள். வேனுக்குள்ளேயே மூச்சு முட்டி 41 பேர் இறந்தார்கள். இதைச் சர்க்கார் ஒப்புக்கொள்ள நாலு மாதம் ஆயிற்று. அதுவரை செத்தவர்கள் இரண்டே பேர் என்றார்கள்! பெற்றவர்கள் பிள்ளையைத் தேடி எந்த ஆபீசுக்குப் போவார்கள்?

ஜூலையில் நே வின் பதவி விலகினார். போகிற போக்கில், ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது என்று மிரட்டிவிட்டுத்தான் போனார். 8-8-88 அன்று நாடே தெருவுக்கு வந்தது. குமாஸ்தா வந்தார், நர்ஸ் வந்தார், புத்த பிக்கு வந்தார். செப்டம்பர் 18-ந் தேதி ராணுவம் மறுபடி நேரடியாக நாற்காலியில் உட்கார்ந்தது. அந்த இரண்டு மாதத்தில் பலியானவர்கள் ஆயிரக்கணக்கில்.

1990-ல் தேர்தல் வைத்தார்கள். வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூச்சியின் கட்சி 485 இடங்களில் 392 இடங்களைப் பிடித்தது. பதவி? அதுதான் இல்லை! நம் நாட்டிலும் 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைக்குத் தணிக்கை இருந்தது. தலைவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஆனால் 1977-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். இந்திரா காந்தி ராய்பரேலியிலேயே தோற்றார், இறங்கினார். அவர் இறங்கினார், இவர்கள் இறங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தை வாரிச் சுருட்டியது. ஒரு லட்சத்துக்கு மேல் சாவு. அப்போதும் வெளிநாட்டு உதவிக் குழுக்களை வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். நடுவில் சில வருஷம் கதவு கொஞ்சம் திறந்தது. 2021 பிப்ரவரி 1-ந் தேதி தளபதி மின் ஆங் லைங் அதையும் சாத்தினார். ஜனங்கள் ராத்திரியில் சட்டி பானையைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். சர்க்கார் இன்டர்நெட்டைத் துண்டித்தது.

ராயகிரிக்கு என்ன?

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை, நமக்கு என்ன என்று பஸ்ஸில் கேட்பவர்கள் உண்டு. 2022-ல் என்ன நடந்தது? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஏஜெண்டுகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அனுப்பினார்கள். பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்தார்கள். இன்டர்நெட்டில் ஊரை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி, கரண்ட் ஷாக். சட்டம் எட்டிப் பார்க்காத இடம் அது. துப்பாக்கி வைத்திருப்பவன்தான் அங்கே சர்க்கார். மத்திய அரசும் மாநில அரசும் பேசி மீட்டு வந்ததில் 13 தமிழர்கள் அந்த அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகும் பலர் போய் மாட்டினார்கள்.

சென்னை விமான நிலையத்தில் எச்சரிக்கை ஒட்டினால் போதாது. பிள்ளை பெட்டி கட்டுவது ராயகிரியில், சங்கரன்கோவிலில். அங்கே பஸ் நிலையத்திலும் பேரூராட்சி ஆபீசிலும் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலைப் போலீசார் ஒட்டி வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஏஜெண்டு, "விசிட் விசாவில் போய் இறங்கு தம்பி, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால், கொடுத்த பாஸ்போர்ட்டை அந்த இடத்திலேயே திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும்.