ஒரே நிரல், ரெண்டு விலை

மே மாத ஆரம்பத்தில் ஒரு நாள், இந்திய நேரம் இரவு பதினொன்றரைக்கு முடிவு வெளியாகும். ஹாஸ்டலில் பாதிப்பேர் முழித்திருப்பார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் முதல் மூன்று வாரம் தேனிலவு. மென்டரோடு பழகலாம், மெயிலிங் லிஸ்டில் தலையைக் காட்டலாம், மூல நிரலைத் தோண்டிப் பார்க்கலாம். அப்புறம் ஆணி பிடுங்கும் காலம். நடுவில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒன்று. தேறினால் துட்டு, தேறாவிட்டால் கிடையாது.

இதுதான் கூகுள் சம்மர் ஆஃப் கோட். 2005-ல் ஆரம்பித்தது. முதல் வருடமே 8000-க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன, எடுத்தது 400 சொச்சம் பேரை. தேறியவர்களுக்குத் தலைக்கு 4500 டாலர். கலிஃபோர்னியாவோ கோயமுத்தூரோ, அதே 4500. ஏறி ஏறி 2014-ல் அது 5500 ஆனது. அதுவரை 'நீ எந்த ஊர்?' என்று யாரும் கேட்கவில்லை.

2017-ல் கேட்டார்கள். பொருளாதாரப் புத்தகத்தில் 'வாங்கும் திறன் சமநிலை' என்று ஒரு பாடம் வருமே, அதைத் தூசி தட்டி எடுத்து, மாணவரின் கல்லூரி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு விலைவாசிக்குத் தகுந்த தொகை என்று மாற்றிவிட்டார்கள். மேல் வரம்பு 6600 டாலர். கீழ் வரம்பு 2400. இந்தியா எங்கே இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா? :-) பிறகு கீழ் வரம்பை 3000 ஆக்கினார்கள். மாணவர் அல்லாதவர்களுக்கும் 2022-ல் கதவைத் திறந்தபோது, கல்லூரி போய் வசிக்கும் நாடு வந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை.

சென்னையில் ஒரு மாணவி, சூரிக்கில் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே திட்டம், ஒரே மென்டர், ஒரே கெடு. பிழை விட்டால் இருவருக்கும் அதே திட்டு. இருவர் எழுதியதும் ஒரே களஞ்சியத்தில் போய்ச் சேர்கிறது. கிட் பதிவில் இருவரையும் பிரித்துக் காட்டுவது நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் +0530 ஒன்றுதான். அந்த நாலு இலக்கத்துக்குப் பாதிக்கு மேல் தள்ளுபடி!

'அங்கே வாடகை அதிகம், இங்கே இட்லி மலிவு' என்பதுதான் இதற்கு வரும் முதல் பதில். இட்லிக் கணக்கு சரிதான். 2017-ல் 2400 டாலர் என்பது ஏறக்குறைய ஒன்றரை லட்ச ரூபாய். ஐடி கம்பெனியில் புதிதாகச் சேரும் ஆள் அதைப் பார்க்க ஐந்தாறு மாதம் பொட்டி தட்ட வேண்டும். இங்கே யாரும் பெரிதாகக் கத்தாததற்குக் காரணமும் அதுதான். ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு இட்லி மட்டும் போதுமா? லேப்டாப் இங்கே மலிவா? வரியோடு பார்த்தால் பல சமயம் அமெரிக்காவைவிட விலை அதிகம். சர்வர் வாடகை டாலரில். வெளிநாட்டு மேல்படிப்புக்கு விண்ணப்பக் கட்டணமும் டாலரில். வாங்கும் திறன் சமநிலை பார்த்து எந்தப் பல்கலைக்கழகமும் கட்டணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. விலைவாசி என்ற தராசை வாங்கும்போது மட்டும் எடுத்து, விற்கும்போது உள்ளே வைத்துவிட்டால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை, வியாபாரம்.

இன்னொரு பதில்: இது சம்பளமே இல்லை, உதவித்தொகை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? தானம் என்றால் மாடு கொட்டகைக்கு வந்த அன்றே கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு பரீட்சை, கடைசியில் ஒரு பரீட்சை வைத்து, வேலை முடியாவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவது எந்த ஊர் தானம்? வேலையைப் பார்த்துக் கொடுக்கும் பணம் வேலைக்கான பணம்தான். பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வேடிக்கை என்னவென்றால், மென்டர்களைத் தரும் அமைப்புக்கு மாணவருக்கு 500 டாலர் வீதம் கூகுள் கொடுத்து வந்தது. அந்த 500-க்கு விலைவாசிக் கணக்கு கிடையாது.

பணம் பற்றாக்குறையோ என்றால், 2017-ல் தேர்வானவர்கள் 1300 சொச்சம் பேர். அத்தனை பேருக்கும் உச்சத் தொகையான 6600-ஐயே கொடுத்திருந்தாலும் மொத்தம் 90 லட்சம் டாலரைத் தொடாது. அதே வருடம் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானம் 11,000 கோடி டாலருக்கு மேல்.

நிஜமாகவே யோசிக்க வேண்டிய வாதம் ஒன்று உண்டு. பெரிய தொகை என்றால் ஏழை நாடுகளிலிருந்து பணத்துக்காகவே கும்பல் கும்பலாக வெட்டி ஒட்டிய விண்ணப்பங்கள் வந்து குவியும், மென்டர்கள் பாவம் என்பது அது. வந்தது உண்மைதான். ரீட்மீ கோப்பில் ஒரு கால்புள்ளியைத் திருத்தி அனுப்பிவிட்டு 'நானும் பங்களிப்பாளன்' என்று திரிகிறவர்களை எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம். ஆனால் தொகையைக் குறைத்ததால் அது நின்றதா? 2017-க்குப் பிறகும் இந்தியாவிலிருந்துதான் கூட்டம் அதிகம். நோய் துட்டில் இல்லை, ரெஸ்யூமேயில் ஏறும் கூகுள் என்ற பெயரில் இருக்கிறது. அதோடு, நல்ல நிரல் இங்கிருந்து வராது என்றும் சொல்ல முடியாது. முதல் பத்து வருடக் கணக்கில் அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இல்லை, இலங்கையின் மொரட்டுவையில் இருக்கிறது. (அவர்களுக்கும் +0530தான்.)

'சம்மர்' என்பதே யாருடைய சம்மர் என்பது தனிக் கதை. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் விடுமுறை. இங்கே ஜூலையில் வகுப்பு, லேப், அட்டெண்டன்ஸ் எல்லாம் ஓடும். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலமே. 2022-ல் கெடுவை 22 வாரம் வரை நீட்டிக்க வழி செய்தார்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நாட்காட்டியைத் தளர்த்த முடிந்தவர்களுக்கு விலைப்பட்டியலைத் தளர்த்த மனம் வரவில்லை.

திறமூல உலகத்தில் வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006 சம்மர் ஆஃப் கோடுக்கு க்னோம் திட்டத்துக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒரு பெண்கூட இல்லை. வெட்கப்பட்ட க்னோம்காரர்கள் பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைத் திட்டம் ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து அவுட்ரீச்சி ஆனது. கூகுள் அளவுக்குக் கல்லாப்பெட்டி கிடையாது, நாலு பேரிடம் கையேந்தித்தான் நடத்த வேண்டும். அங்கேயும் மூன்று மாதம், மென்டர், திறமூலம் எல்லாம் உண்டு. 2022-ல் அவர்கள் கொடுத்தது 7000 டாலர், லாகோஸில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் அதே 7000.