துருவப் பனியும் நமது பொறுப்பும்



துருவப் பனி உருகிக் கடல் உயர்கின்றது என்னும் செய்தியை நாம் அடிக்கடி கேட்கின்றோம். எங்கோ தொலைவில் நிகழ்வதெனக் கருதி அதனை மறந்தும் விடுகின்றோம். இது கிறிஸ்தவ மனநிலைக்கு ஏற்றதாகுமா?

முதலில் ஓர் உண்மையை விளங்கிக்கொள்வோம். குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தாலும் நீர்மட்டம் உயர்வதில்லை. அவ்வாறே, வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல் குறிப்பிடத்தக்க அளவு உயராது. கடலை உயர்த்துவது நிலத்தின்மீது படிந்துள்ள பனியே. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் ஏறத்தாழ 7 மீற்றரும், அந்தாட்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் ஏறத்தாழ 58 மீற்றரும் கடல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள், ஏன், ஆயிரமாயிரம் ஆண்டுகளும் செல்லலாம். ஆயினும் அதன் தொடக்கம் நம் காலத்திலேயே நிகழ்கின்றது. 2002 ஆம் ஆண்டில் அந்தாட்டிக்காவின் லார்சன் பி என்னும் மிதக்கும் பனித்தட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் 3,000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமாகச் சிதறுண்டது. அது அணைபோல் தடுத்து நின்ற பனியாறுகள் அதன்பின் விரைந்து கடலில் இறங்கின.

பனி உருகுவதனாலும், வெப்பமடையும் நீர் விரிவதனாலும், 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 1993 இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றராக இருந்த உயர்வு, இன்று 4 மில்லிமீற்றரைக் கடந்துவிட்டது.

ஒரு சாண்தானே என எண்ணுகின்றோமா? தாழ்ந்த பவளத்தீவில் வாழ்வோருக்கு அந்த ஒரு சாணே குடிநீரும் தோட்டமுமாகும். பப்புவா நியூகினியின் கார்ட்டரெட் தீவுகளில் உப்புநீர் புகுந்து கிழங்குத் தோட்டங்களை அழித்தது. நிலம் தாழ்வதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர். அம்மக்களுக்கு பூகன்வில் தீவின் தின்புட்ஸ் பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபை தன் காணியை வழங்கியது. 2009 இல் முதற் குடும்பங்கள் அங்கு குடியேறத் தொடங்கின. திருச்சபை அவர்களுக்காகச் செபித்ததோடு நின்றுவிடவில்லை. தன் நிலத்தையும் பகிர்ந்துகொண்டது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில், உலக மக்களுள் நான்கில் ஒரு பகுதியினர் கடலோரத்திலோ அதன் அருகிலோ வாழ்வதைச் சுட்டிக்காட்டினார். நமது கடலோரப் பங்குகளும் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளில் நன்னீரின் கீழே உவர்நீர் காத்திருக்கின்றது.

நாம் வெளியேற்றும் புகை சொற்பமே என்று கூறி ஒதுங்கிவிட முடியாது. கண்டற்காடுகளைக் காப்பதும், கிணற்று நீரைச் சிக்கனமாக இறைப்பதும் நம் கையில் உள்ளவை. உட்பகுதியில் காணியுள்ள பங்குகள், நாளை இடம்பெயரக்கூடிய கடலோரக் குடும்பங்களுக்காக இன்றே சிந்திக்க வேண்டும். மூட்டை முடிச்சுகளோடு வீட்டைவிட்டு வெளியேறும் வேதனையை நாம் அறிவோம். அன்று நமக்குக் கதவு திறந்தவர்களையும் நாம் மறக்கவில்லை. அக்கதவைப் பிறருக்குத் திறப்பது இனி நமது கடமையன்றோ?