சிகிச்சை பலனின்றி...

தமிழ்ப் பத்திரிகை ஆபீஸ்களில் சில வாக்கியங்களை அச்சுக் கோத்து அப்படியே எடுத்து வைத்திருப்போம். 'மர்ம நபர்கள் தப்பி ஓட்டம்' ஒன்று. 'சிகிச்சை பலனின்றி பரிதாபமாக உயிரிழந்தார்' இன்னொன்று. முதல் வாக்கியத்தையாவது போலீஸ் எப்போதாவது பொய்யாக்கிவிடும். இரண்டாவதை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எந்த சிகிச்சை? ஏன் பலனில்லை?

2022 செப்டம்பர் 28. காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் பக்கத்தில் தேவரியம்பாக்கம். கேஸ் சிலிண்டர் குடோனில் தீ. பன்னிரண்டு பேர் வெந்துபோனார்கள். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து செங்கல்பட்டு, கீழ்ப்பாக்கம் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. மறுநாள் பேப்பரில் பெரிய செய்தி. அதற்குப் பிறகு அடுத்தடுத்த நாட்களில் ஒருவர், இன்னொருவர், மற்றுமொருவர் என்று இறந்துகொண்டே இருந்தார்கள். 'பலி எண்ணிக்கை உயர்வு' என்ற ஒற்றைப் பத்திச் செய்தியில் எண் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2023 மார்ச் 22 அன்று காஞ்சிபுரத்தை ஒட்டிய குருவிமலையில் பட்டாசுத் தயாரிப்பு இடம் வெடித்தது. மறுபடி அதே ஆம்புலன்ஸ், அதே வாக்கியம்.

உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் கண்டம் உண்டு. நீர் வற்றிப்போவது, புகை புகுந்த நுரையீரல் என்று அது தனிக் கதை. அதைத் தாண்டி, கண் திறந்து, 'காபி வேணும்'னு கேட்கிற அளவுக்குத் தேறியவர்கள் இரண்டாவது வாரத்தில் திடீரென்று ஜுரம் வந்து, பினாத்தி, போய்விடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது தீ அல்ல. கிருமி.

அந்தக் கிருமி எப்படிக் குடியிருக்கிறது என்பது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். அந்தப் பசையோடு சாயத்தில் முக்கினால் சாயம் ஒழுங்காக ஏறாது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையைப் போக்கினால்தான் நூல் நூலாகும். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு அதிலேயே போய்விடும். எந்தச் சாயப்பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள்.

வெந்த தோல் செத்த தோல். அதில் ரத்த ஓட்டம் கிடையாது. சூடோமோனாஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ், அசினட்டோபாக்டர் என்று வாயில் நுழையாத பெயர்களுள்ள பாக்டீரியாக்கள் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. சில நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே வரும். மற்றவை வார்டின் குழாயிலிருந்து, ஸிங்க்கிலிருந்து, கட்டில் கம்பியிலிருந்து, கை கழுவாத கையிலிருந்து வரும். வந்ததும் தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பான பசையைச் சுரந்து அதற்குள் காலனி போட்டுவிடும். இதுதான் பயோஃபிலிம். தமிழில் உயிரிப்படலம் என்கிறார்கள். கோயில் குளத்துப் படியில் காலை வழுக்கும் பாசியிலும், காலையில் பல்லில் நாக்கு படும்போது தட்டுப்படும் மாவு போன்ற படிவிலும் இருப்பது இந்த ஜாதிப் படலம்தான்.

அந்தப் பசைக்குள் போய்விட்ட பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று ரசாயனத்தால் தகவல் சொல்லிக்கொள்கின்றன. சில அப்படியே தூங்கிவிடுகின்றன. வளரும் கிருமியைத்தான் பெரும்பாலான ஆன்ட்டிபயாட்டிக் கொல்லும், தூங்குகிற கிருமியை அல்ல. தனியாகத் திரியும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை ஆயிரம் மடங்கு வரை கூட்டினாலும் படலத்துக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு, நரம்பில் ஏற்றும் மருந்து செத்த தோலுக்குப் போய்ச் சேர ரத்தக் குழாயே இல்லை. பசை போக்காமல் சாயம் முக்கும் வேலை.

நம்மாள் என்ன செய்வான்? டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, 'செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க சார், நல்லா ஸ்ட்ராங்கா ஒரு ஊசி போடுங்க' என்பான். தாலியை அடகு வைத்து வெளியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வருவான். ஸ்ட்ராங் ஊசி ஒவ்வொன்றாகத் தோற்று, கடைசியில் 1950களிலேயே புழக்கத்துக்கு வந்து, கிட்னியைக் கெடுக்கிறது என்று ஓரம் கட்டப்பட்ட கோலிஸ்டினைத் தூசி தட்டி எடுக்க வேண்டிய நிலைக்கு மருத்துவ உலகமே வந்திருக்கிறது. அதையும் நாம் கோழிக்குத் தீவனத்தில் கலந்து போட்டுக்கொண்டிருந்தோம். மத்திய அரசு விழித்துத் தடை போட்டது 2019 ஜூலையில்!

விடை இல்லாத நோயா என்றால், இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை வந்துவிட்டது. யூகோஸ்லாவியாவின் மரிபோர் என்ற ஊரில், இன்று அது ஸ்லோவேனியா, ஸோரா யான்ஷெகோவிச் என்ற பெண் டாக்டர் இருந்தார். செத்த தோல் தானாகக் கழன்று விழட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்த காலம் அது. காயம் பட்ட சில நாட்களுக்குள்ளேயே அதை மெல்லிய அடுக்கடுக்காகச் சீவி எடுத்து, அன்றைக்கே நல்ல தோலை ஒட்டினார். 1970இல் உலகத்துக்கு எழுதிச் சொன்னார். கிருமிக்குக் குடியிருக்க இடமே கொடுக்காதே என்பதுதான் விஷயம். தோல் ஒட்டும் வரை தினம் காயத்தைக் கழுவ வேண்டும். ஒரு தடவை சுரண்டி எடுத்தால் படலம் மறுபடி கெட்டியாக ஒன்றிரண்டு நாள் ஆகும், மருந்து வேலை செய்வது அந்த இடைவெளியில்தான்.

நான் படித்தது பி.காம். எனக்கு எதையும் வரவு செலவாகப் பார்த்துத்தான் பழக்கம். யான்ஷெகோவிச் வைத்தியத்துக்குப் பட்ஜெட் போட்டுப் பாருங்கள். தினமும் காலியாகக் கிடைக்கும் ஆபரேஷன் தியேட்டர். மயக்க டாக்டர். ரத்தம். பாதி உடம்பு வெந்தவருக்கு டிரெஸ்ஸிங் மாற்ற இரண்டு நர்ஸ்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், அதனால் நர்ஸ்கள். தனித்தனி அறை. ஒழுகாத குழாய். இதில் ஒன்றுக்குக்கூட ரிப்பன் வெட்ட முடியாது. கூடுதலாக நான்கு நர்ஸ் போட்டால் எந்த அமைச்சர் போட்டோவுக்கு நிற்பார்? ஆனால் செத்த பிறகு கொடுக்கும் நிவாரண செக்குக்குப் போட்டோ உண்டு. அது எந்தக் கணக்கில் வரும் என்று என்னைக் கேட்டால், தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் என்றுதான் எழுதுவேன்.

சாலை விபத்து என்றால் இதே அரசுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரிகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கி, முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்றது. நல்ல காரியம், பாராட்ட வேண்டியதுதான். தீக்காயத்தின் கடிகாரம் வேறு. அது இரண்டு மூன்று வாரம் ஓடும். மத்திய அரசின் தீக்காயத் திட்டமே சொல்லும் மதிப்பீட்டின்படி நாட்டில் வருஷத்துக்கு 70 லட்சம் பேருக்குத் தீக்காயம், 1.4 லட்சம் சாவு.

காஞ்சிபுரத்துக்கு என்ன கிடைத்தது? 2019இல் மாவட்டத்தைப் பிரித்தபோது அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டோடு போயிற்று. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். பட்டியலில் காஞ்சிபுரம் இல்லை. முடியாத ஊரா இது? அதே 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம். ஒரு கோடிக்கு மேல் ஜனம். தற்காலிக பஸ் ஸ்டாண்ட், தண்ணீர், மருத்துவ முகாம் எல்லாம் முளைத்தன. வரதருக்காக முடிந்தது, வெந்தவனுக்காக முடியாதா?

காரைப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969இல் வந்தது. இந்த ஊர் பெற்ற முதலமைச்சர் அந்த வருஷம் அந்த நோயில் இறந்தார். தீக்காயத்தில் இறப்பவர்கள் யார்? ஸ்டவ் வெடித்தது என்று சொல்லப்படும் மருமகள்கள், பட்டாசு திணிக்கும் கூலிக்காரர்கள், குடோனில் சிலிண்டர் இறக்குகிறவர்கள். இவர்கள் பெயரில் யார் கட்டிடம் கட்டுவார்கள்?

நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. சுட்டால் இங்க், டூத் பேஸ்ட், தோசை மாவு என்று கைக்குக் கிடைத்ததை அப்புகிறோம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டி, சுத்தமான துணியைப் போர்த்திக் கொண்டுபோனால் போதும். தீக்காய வார்டுக்குள் பத்துப் பேர் கும்பலாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறோம். தடுக்கும் நர்ஸை, 'இந்தம்மா ரொம்பப் பண்ணுது' என்கிறோம். அந்தம்மாதான் அங்கே ஆன்ட்டிபயாட்டிக்கைவிடப் பெரிய மருந்து.

பாதிக்கு மேல் வெந்தவருக்கு ஒட்ட அவர் உடம்பிலேயே தோல் மிஞ்சாது. இறந்தவர் தோலை எடுத்துத் தற்காலிகமாகப் போர்த்தலாம். ரத்த குரூப் சேர வேண்டியதில்லை, இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, முதுகிலிருந்து மேல் அடுக்கை மட்டும் எடுப்பார்கள், கிளிசரினில் ஐந்து வருஷம்வரை வைத்திருக்கலாம். மும்பை சயான் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டே இதற்கு வங்கி வந்துவிட்டது. கண் தானத்துக்குக் கையெழுத்துப் போடுகிற நம் ஊரில் தோல் தானம் என்றால், 'உரிச்சிடுவாங்களா?' என்று கேட்கிறார்கள்.

அடுத்து உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் நான்கு எண் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்று எத்தனை படுக்கை, எத்தனை நர்ஸ்? வெந்து வந்தவருக்கு எத்தனையாவது நாளில் தோல் ஒட்டுகிறார்கள்? போன வருஷம் இரண்டாவது வாரத்தில் எத்தனை பேர் போனார்கள்? அவர் திருதிருவென்று விழித்தால் கூட வந்திருக்கும் வட்டச் செயலாளரைக் கேட்டுப் பாருங்கள். நிவாரணத் தொகை எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்வார்.